வடக்கு ஓடையில் யாரும் இல்லையாம்

ஜனவரி 19

இந்த டைரி அனல் மின் நிலையத்துக்காரர்கள் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘நம் கரை, நம் பொறுப்பு’ என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறான். பொறுப்பாம்! காலையில் துவைத்துக் காயப்போட்ட சட்டையை மத்தியானம் எடுத்தால் சாம்பல் படிந்து எலி நிறத்தில் இருக்கிறது. தைக்க வந்த வெள்ளை ஜாக்கெட் துணியைப் பழைய புடவையால் மூடி மூடித்தான் தைக்கிறேன். நல்ல தாள், வீணாகப் போவானேன் என்று எழுதுகிறேன்.

இன்று ரேஷன் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மின் நிலையத்தில் மூன்றாவது அலகு கட்டப்போகிறார்களாம். அதற்கு நிலக்கரி கொட்டிவைக்க இடம் வேண்டுமாம். எங்கள் சிப்பிமேட்டு ஆற்றின் வடக்கு ஓடையை மண் போட்டுத் தூர்த்து, அந்த இருநூற்றுச் சொச்சம் ஏக்கரில் கரியைக் கொட்டுவார்களாம். பிப்ரவரி 21, காலை பத்து மணிக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். இடம், பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்யாண மண்டபம். ஓடை இங்கே, கருத்து அங்கே.

சாயங்காலம் கோயில் வாசலில் கூடி ‘ஆறு பாதுகாப்புக் குழு’ ஆரம்பித்தோம். ஊர்த்தலைவர் மாசிலாமணிதான் குழுவுக்கும் தலைவர். என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். பன்னிரண்டாவது வரை படித்த பாவத்துக்கு ஊரில் பாதி மனு நான் எழுதியதுதான்.

ஜனவரி 20

மனு எழுதினேன். ஏழு பிரதி. நடுவில் மூன்று தடவை கரண்ட் போனது. ஜன்னலைத் திறந்தால் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. ஃபேன் மட்டும் ஓடவில்லை.

ஜனவரி 24

சென்னையிலிருந்து ரெபேக்கா வந்திருந்தாள். வக்கீல். முப்பது வயதுகூட இருக்காது. கால் காசு வாங்காமல் இந்த மாதிரி வழக்குகளுக்கு ஊர் ஊராக அலைகிறாள். திட்ட அறிக்கையைப் பார்க்க அவளோடு தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஒரே ஒரு பிரதி. அறுநூற்று நாற்பது பக்கம், எல்லாம் இங்கிலீஷ். தமிழில் பதினோரு பக்கச் சுருக்கம். போட்டோ எடுக்கக் கூடாது, ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது, மேஜையை விட்டு நகர்த்தக் கூடாது. “படிக்கலாங்களா?” என்று கேட்டேன். “அதுக்குத்தானேம்மா வெச்சிருக்கு” என்று கிளார்க் எரிந்து விழுந்தார்.

ரெபேக்கா படித்துப் படித்துச் சொன்னாள். கரி எரிக்க எரிக்க பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது, ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டுகிறது, அதில் முதலில் மூழ்குகிறவர்கள் கரியால் சம்பாதித்தவர்கள் இல்லை என்றாள். சிப்பிமேட்டுக்காரிக்கு இதைச் சொல்ல வேண்டுமா? டிசம்பர் மழையில் என் தையல் மிஷின் முக்கால் வாசி தண்ணீருக்குள் நின்றது. அந்தத் தண்ணீர் வடிந்ததே வடக்கு ஓடை வழியாகத்தான்.

அப்புறம் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“அக்கா, வடக்கு ஓடையில யாரும் தொழில் பண்றதில்லைன்னு போட்டிருக்காங்க.”

“இன்னாது?”

“இந்த ஆத்தை நம்பி இருக்கிறவங்க மொத்தம் நூத்திப் பதினெட்டுப் பேர். எல்லாரும் முகத்துவாரத்துல வலை கட்றவங்க. வடக்கு ஓடை யாருக்கும் பயன்படாத தண்ணி, தூர்த்தா ஒருத்தருக்கும் பாதிப்பில்லை. இதான் அவங்க வாதம்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வடக்கு ஓடையில் எங்கள் பெண்கள் தினமும் இறங்குகிறார்கள். வலை கட்டுகிற ஆழம் அங்கே கிடையாது. சேற்றில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து, கையால் தடவி இறால் பிடிக்கிற இடம். என் நாத்தனார் தனபாக்கியம் புருஷன் போன நாளிலிருந்து பத்தொன்பது வருஷமாக அந்தத் தண்ணீரில்தான் பிழைக்கிறாள். ஒருத்தருக்கும் பயன்படாத தண்ணியாம்! நாக்கு அழுகிப் போகும்.

“பின்னாடி பேர் லிஸ்ட் இருக்கு. உங்க ஊரே குடுத்தது, ஊர் சீல் போட்டிருக்கு” என்றாள் ரெபேக்கா. “கையால எழுதினது. யாரு குடுத்தாங்கக்கா?”

“ஊருல கேக்கணும்” என்றேன். எவனோ ஒரு மேதாவி எழுதிக் கொடுத்திருக்கிறான். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன்.

ஜனவரி 26

குடியரசு தினக் கிராம சபை. மூன்றாவது அலகு வேண்டாம் என்று தீர்மானம் போடச் சொன்னோம். அதிகாரி சிரித்துக்கொண்டே “விவாதிக்கப்பட்டதுன்னு எழுதிக்கறேன்” என்றார். எதிர்த்து என்று எழுதுங்கள் என்றேன். “விவாதிச்சீங்கதானே?” என்றார். மின் நிலையத்துக்காரர்கள் பந்தலில் மோர் ஊற்றினார்கள். எங்கள் குழுவிலேயே நாலு பேர் இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தார்கள். வெட்கமில்லாத ஜனம்.

ஜனவரி 28

ரெபேக்கா போனில் கேட்டாள், பாடு என்றால் என்ன என்று. முகத்துவாரம் குறுகல். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடிதான். அதனால் ஊரை நாலு பிரிவாகப் பிரித்து, நாலு நாளைக்கு ஒரு தரம் முறை வரும். அந்த முறைதான் பாடு. கல்யாணமான ஆம்பளைக்கு ஒரு பாடு. செத்துப்போனால் பெயரை எடுத்துவிடுவார்கள். பாடு நோட்டு மாசிலாமணியிடம் இருக்கிறது, சாமி படத்துக்குப் பின்னால். நூற்றுப் பதினெட்டுப் பெயர்.

“அப்ப தாலுகா ஆபீஸ்ல கேட்டப்போ பாடு நோட்டை அப்படியே குடுத்துட்டாங்களா?” என்றாள்.

ஆமாம், ஆற்றுக்காரர்கள் பெயர் என்று கேட்டால் எங்கள் ஊரில் வேறு எதைக் கொடுப்பார்கள் என்றேன். அவள் அடுத்ததைக் கேட்பதற்குள், அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜனவரி 29

ஊர்க்கூட்டம். ஆம்பளைகள் உள்ளே, நாங்கள் வலைக் கொட்டகைக்கு வெளியே. செயலாளர் என்றாலும் அதே கதைதான். வெளியிலிருந்தே கத்தினேன்: லிஸ்ட் தப்பு, வடக்கு ஓடையில் தடவுகிற பெண்கள் பெயரையும் சேர்த்து வேறு லிஸ்ட் அனுப்புங்கள்.

மாசிலாமணி கெட்டவர் இல்லை. புயலின்போது படகை எடுத்துக்கொண்டு ஊரையே கரை சேர்த்த மனிதர். ஆனால் தலையில் ஒன்று ஏறிவிட்டால் இறங்காது.

“வச்சலா, நீ படிச்ச பொண்ணு. யோசிச்சுப் பாரு. இன்னிக்கு ஊரு சீல் போட்ட காகிதத்துல பொம்பள பேரு ஏறிச்சின்னா, நாளைக்கு புருசன் செத்தவ எல்லாம் வந்து எனக்கும் பாடு குடுன்னு நிப்பா. எரநூறு வலைய இந்த ஆறு தாங்குமா?”

“பாடு யாரு கேட்டா தலைவரே? ஓடையத் தூர்க்கப் போறான். அங்க ஆளு கீதுன்னு சொல்லத்தான் கேக்கறோம்.”

“தடவறதெல்லாம் ஒரு தொழிலா? கொழம்புக்குப் புடிக்கிறாளுங்க.”

உள்ளே சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தேசப்பன் சிரிக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. சிரித்தவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளையைப் படிக்க வைத்தது அந்தக் குழம்பு இறால்தான். வீட்டுக்கு வந்து, உங்கள் அக்காவைப் பற்றிப் பேசுகிறார்கள், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களே என்று கேட்டேன். “ஊரு கட்டுப்பாடு, நான் இன்னா பண்ண?” என்று படுத்துவிட்டார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 2

ஊர் எழுதாவிட்டால் நானே எழுதுகிறேன் என்று நோட்டோடு வடக்கு ஓடைக்குப் போனேன். அண்ணி முன்னால் நடந்தாள். (நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மூத்தவள்.) தண்ணீரில் இறங்குகிற இடத்தில் மின் நிலையத்திலிருந்து வெந்நீர் வருகிறது. குளிப்பாட்டுகிற சூடு. அண்ணியின் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து உரிந்து புதுத்தோல் வருகிறது. முன்பெல்லாம் ஒரு மணி நேரத்தில் பிடித்ததை இப்போது நாலு மணி நேரம் உட்கார்ந்து பிடிக்கிறார்களாம்.

பெயர் கேட்டால் ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. பிடித்த இறாலைப் போட ஓலைக்கூடை, அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தடவுகிறார்கள். வாயைத் திறந்தால் கூடை போய்விடும். நான் கரையில் நின்று “உம்பேரு இன்னா, உம்பேரு இன்னா” என்று கத்த, அவர்கள் “ம்ம், ம்ம்” என்று தலையாட்ட, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் ஏறுகிற வரைக்கும் வெயிலில் காத்திருந்து, கரையேறின பிறகு ஒவ்வொருத்தியாக எழுதினேன். எங்கள் ஊர், பக்கத்துக் குப்பம், மேட்டுக் காலனி, மூன்றும் சேர்த்து எழுபத்து மூன்று பேர்.

முதல் பெயர் தனபாக்கியம். அவள் தலை துவட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏண்டி, அந்த மொத லிஸ்ட்ட எழுதினவன் எவன்டி? கண்ணு அவிஞ்சவனா? டெய்லி நாங்க ஊருத் தெரு வழியாத்தான தண்ணி சொட்டச் சொட்ட வர்றோம்?”

நான் நோட்டை மூடிக்கொண்டு வெயில் ஏறுகிறது, போகலாம் என்றேன்.

பிப்ரவரி 3

எழுதித் தொலைக்கிறேன். என் டைரியிலேயே நான் யாரை ஏமாற்றுகிறேன்?

அந்த லிஸ்ட் எழுதியவன் இல்லை. எழுதியவள். நான்தான்.

போன ஆடி மாதம். தாலுகா ஆபீஸ் கடிதத்தையும் பாடு நோட்டையும் மாசிலாமணி எடுத்துக்கொண்டு வந்தார். ‘கழிமுகத்தை நம்பி வாழும் அனைவரின் பெயர்ப் பட்டியல்’ என்றுதான் கடிதத்தில் இருந்தது. அனைவரின் என்று. என் கண்ணால் படித்தேன். படித்துவிட்டுப் பாடு நோட்டைப் பார்த்து நாலு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஜாக்கெட்டுக்கு நடுவில் அரை மணி நேர வேலை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து எனக்காகக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி எழுதிக்கினு கீற?” என்றாள்.

“ஆத்துல தொழில் பண்றவங்க பேரு அண்ணி.”

“ஓ” என்றாள். அடுத்த கொக்கியை எடுத்தாள்.

காலையில்தான் அவள் அந்த ஆற்றிலிருந்து ஏறி வந்திருந்தாள். தலை ஈரம்கூடக் காயவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அவள் பெயரை யாரோ மறைத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். யாரும் மறைக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மின் நிலையத்துக்காரன் பொய் சொன்னான் என்று ஊரெல்லாம் கத்துகிறேன். அவன் என் கையெழுத்தைத்தான் டைப் அடித்திருக்கிறான்.

பிப்ரவரி 4

ஏழு ஜாக்கெட் தைத்தேன். எல்லாவற்றிலும் ஒரு கை சின்னதாகப் போனது. பிரித்தேன்.

பிப்ரவரி 9

எழுபத்து மூன்று பேர் லிஸ்டைத் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அதே கிளார்க். “ஊர் சீல் எங்கம்மா?” “அவங்க போட மாட்டேங்கறாங்க சார்.” “சீல் இல்லாத லிஸ்ட் வெறும் பேப்பர்.” என்னை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

வாசலில் நின்றே ரெபேக்காவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். லிஸ்ட் எழுதியது நான்தான் என்பதையும். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“அக்கா, அப்ப நீங்கதான் மேடையில பேசணும். கருத்துக் கேட்புல சொல்றதை அவங்க கண்டிப்பா பதிவு பண்ணணும், வீடியோவும் எடுப்பாங்க. மத்தவங்க சொன்னா, கூட்டம் வந்த பிறகு புதுசா ஆள் சேர்க்கிறாங்கன்னு சொல்லிடுவாங்க. எழுதின ஆளே தப்புன்னு சொன்னா தட்ட முடியாது.”

சொல்வது சுலபம். ஊர் கொடுத்த லிஸ்ட் தப்பு என்று ஊர் ஆம்பளைகள் நூறு பேர் முன்னால் மைக்கில் சொல்ல வேண்டியது நான்.

பிப்ரவரி 12

மாசிலாமணி எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். காபி நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம்தான் வந்த விஷயம்.

“ஊரு சீல் போட்டத தப்புன்னு வெளியாளுங்க முன்னாடி சொன்னா, அது ஊர அவமானப்படுத்தறது. கட்டு இன்னான்னு தேசப்பனுக்குத் தெரியும்.” என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். “ஒரு வருசத்துக்குப் பாடு நிறுத்தறாப்ல ஆயிடும்பா. எனக்கும் இஷ்டமில்ல.”

மாசிலாமணி போனதும் இங்கே ஆரம்பித்தது.

“நீ ஒருத்தி பேசலன்னா வானம் இடிஞ்சிடுமா?”

“ஓடை போயிடும். உங்க அக்கா எங்க போவாங்க?”

“பாடு போனா நாம எங்க போறது? அத்தச் சொல்லு மொதல்ல.”

அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று எழுத ஆசைதான். என் ஜாக்கெட் தையலில் இந்த வீடு ஒரு வருஷம் ஓடாது. எனக்கே தெரியும்.

பிப்ரவரி 14

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. குழம்பு மட்டும் கொதித்தது.

பிப்ரவரி 16

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். கண் அவிந்தவன் நான்தான் என்று. அவள் வலது கால் கட்டைப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. 

“நான் பக்கத்துலதான குந்திக்கினு இருந்தேன்?” என்றாள்.

“ஆமாம் அண்ணி.”

“எம்பேரு உனக்குத் தெரியாதா?”

கட்டை அவளே சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கத்தியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 19

மூன்று நாளாக அண்ணி இந்தப் பக்கம் வரவில்லை. இன்று காலை வாசலில் நின்றாள். “இருவத்தொண்ணாந் தேதி வேன் எத்தன மணிக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அவ்வளவுதான். நான் உட்கார்ந்து அழுதேன், கோபத்திலா சந்தோஷத்திலா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு நீர் வற்றி இறால் நன்றாகக் கிடைக்கிற நாள். கூட்டத்துக்கு இந்த நாளைப் பார்த்து வைத்தார்களோ என்னவோ. எழுபத்து மூன்று பேரில் நாற்பத்தொரு பேர் அன்றைய பிழைப்பை விட்டுவிட்டு வந்தார்கள். மண்டபத்துக்கு அரை மைல் முன்னாலேயே போலீஸ் தடுப்பு. பை சோதனை. தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே முன்வரிசை முழுக்க யாரோ முன்பின் பார்க்காத ஜனம், மடியில் பிரியாணிப் பொட்டலம். அவர்களுக்குத் தலா ஒரு நிமிடம் மைக். ‘வளர்ச்சி வேண்டும், வேலை வேண்டும்’ என்று ஒரே வாசகத்தை முப்பது பேர் சொன்னார்கள். கைதட்டல். எங்கள் ஊர் ஆம்பளைகளும் பேசினார்கள். மாசிலாமணி நன்றாகவே பேசினார், சாம்பலைப் பற்றியும் வெந்நீரைப் பற்றியும். வடக்கு ஓடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் டோக்கன் எண் நூற்று அறுபத்து நாலு. கூப்பிட்டபோது மணி இரண்டரை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம்மா.”

எழுதிக்கொண்டுபோன பேச்சு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

“ஐயா, வடக்கு ஓடையில யாரும் இல்லன்னு உங்க அறிக்கையில கீது. எழுவத்து மூணு பேரு கீறாங்க. நாப்பத்தொரு பேரு இங்கியே கீறாங்க, திரும்பிப் பாருங்க.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாளைப் புரட்டினார். “இது உங்க ஊர் குடுத்த பட்டியல்மா. சீல் இருக்கு. இப்ப வந்து மாத்திப் பேசினா எப்படி?”

“சீல் ஊருதுங்க. கையெழுத்து என்னுது. அந்த லிஸ்ட்ட எழுதினது நான். தப்பா எழுதிட்டேன்.”

சொல்லி முடிக்கவில்லை, எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து கூச்சல். “ஒக்காருடி!” “ஊர அசிங்கப்படுத்தாத!” ஒவ்வொரு குரலும் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

“நீங்கதான் எழுதினீங்கன்னு எப்படி நம்பறது?” என்றார் அதிகாரி. நம்பாமல் கேட்டாரா, நேரம் கடத்தக் கேட்டாரா தெரியவில்லை.

“பேனா குடுங்க.”

மேடையில் மேஜையிலேயே குனிந்து எழுதினேன். ‘தனபாக்கியம், க/பெ காலம் சென்ற கன்னியப்பன், சிப்பிமேடு, இறால் பிடித்தல்.’ அதிகாரி அந்தத் தாளையும் அறிக்கையில் இருந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் எட்டிப் பார்த்தார். குழந்தைக்குக்கூடத் தெரியும், ஒரே கை.

“சரி, பதிவு பண்ணிக்கறோம்” என்றார்.

கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார்கள். ‘ஒரு பெண்மணி பட்டியலின் கையெழுத்து குறித்துக் கருத்துத் தெரிவித்தார்.’ அவ்வளவுதான்! கையெழுத்து குறித்து! எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைப் பிடுங்கப் போனேன், ஒரு போலீஸ்காரம்மா தோளைப் பிடித்து அழுத்தினாள். ரெபேக்கா சட்டப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அண்ணி ஒன்றும் கத்தவில்லை. மேடைப் படியில் போய் உட்கார்ந்தாள். அவள் பின்னால் நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் இறங்கிப் போக வேறு படி இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வாசகத்தை மாற்றினார்கள். ‘பட்டியல் முழுமையானதல்ல என்று அதை எழுதியவரே தெரிவித்தார். திருத்திய பட்டியல் கோரப்படும்.’

வேனில் ஆம்பளைகள் ஏறவில்லை. வேறு வண்டியில் போனார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களோடு.

பிப்ரவரி 25

ஊர்க்கூட்டம். தேசப்பனுக்கு ஒரு வருஷம் பாடு இல்லை. நோட்டில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அடித்த கோடு அளவுகோல் வைத்துப் போட்டதாம். எனக்கு வந்து சொன்னார்கள், கேட்காமலேயே.

மார்ச் 1

இன்று அவர் பிரிவின் முறை. விடிவதற்கு முன்னால் பழக்கத்தில் எழுந்து வலையை எடுத்தார். எடுத்து மறுபடியும் வைத்தார். நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். என்ன பிழைப்பு இது.

மார்ச் 8

மத்தியானம் மூன்று மணி இருக்கும். மாசிலாமணி வாசலில் நிற்கிறார். கையில் கடிதம், கக்கத்தில் பாடு நோட்டு, சட்டைப் பையில் ஊர் சீல். திருத்திய பட்டியலைப் பதினொன்றாம் தேதிக்குள் ஊர் முத்திரையோடு கொடுக்க வேண்டும், தவறினால் பழைய பட்டியலே இறுதி என்று தாலுகா ஆபீஸ் எழுதியிருக்கிறது. எழுத ஊரில் வேறு ஆள் இல்லை. எங்கள் பாட்டை நிறுத்தியவர் என்னிடமே பேப்பரை நீட்டுகிறார். சிரிப்பதா அழுவதா?

“பொம்பளைங்கள விட்டுடு வச்சலா. கடைசியில ஒரு வரி போட்டுக்கலாம், பெண்களும் எப்பவாச்சும் புடிப்பாங்கன்னு. அதுக்கு நானே சீல் போடறேன். எனக்கு மட்டும் ஓடை போகணும்னு ஆசையா?”

சொல்லுங்கள், எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டேன். எதற்குச் சரி என்றேன் என்று இப்போதும் புரியவில்லை. ஒரு வரியாவது கிடைக்கிறதே என்று அலுத்துப்போயிருந்தேன் போலிருக்கிறது. அவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதினேன். என் வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து, இரண்டு வாரமாகத் தண்ணீர் படாத வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி வெளியே இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பதாவது பெயர் தனகோட்டி. அடுத்து எங்கள் வீட்டுப் பெயர் வர வேண்டும். மாசிலாமணி “நாகூரான்” என்றார்.

என் பேனா நின்றது. மூலையிலிருந்து அவர் தலையைத் தூக்கினார்.

“தலைவரே, எம்பேரு?”

“உனக்குத்தான் இந்த வருசம் பாடு இல்லியேப்பா.”

“பாடு இல்ல. சரி. லிஸ்ட்ல?”

“பாடு இல்லாதவன் பேரு லிஸ்ட்ல எப்பிடி வரும்? உனக்குத் தெரியாததா?”

“பன்னெண்டு வயசுலருந்து இந்த ஆத்துல கீறேன் தலைவரே.”

“அது யாருக்குத் தெரியாது? ஆத்துல இருப்ப. லிஸ்ட்ல இல்ல.”

அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.  இருபத்தோரு வருஷமாகப் பார்க்கிறேன், அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

வெளியிலிருந்து அண்ணி, கை வேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

“இப்பத் தெரியுதாடா தம்பி?”

 என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, நான் எழுதியிருந்த தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். கோபமாகக்கூட இல்லை.

“வேற தாள் எடு. எங்க அக்கா பேர்லருந்து எழுது.”

மாசிலாமணி நோட்டை எடுத்துக்கொண்டார். சீல் போட மாட்டேன், ஊர் கட்டை நான் உடைக்க மாட்டேன் என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. சீலோடு போய்விட்டார்.

நான் எழுதினேன். எழுபத்து மூன்று பெண்கள், நூற்றுப் பதினெட்டு ஆண்கள். பாடு நோட்டு இல்லாவிட்டால் என்ன, பழைய லிஸ்டை எழுதிய கைக்கு எல்லாப் பெயரும் மனப்பாடம். மாசிலாமணி பெயரையும் விடவில்லை. நாளை காலை கொண்டுபோய் அந்தக் கிளார்க் மேஜையில் வைப்பேன். சீல் எங்கே என்பான். வெறும் பேப்பர் என்பான். வாங்குகிற வரைக்கும் உட்காரப் போகிறோம், எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை பேரும். வாங்குவானா என்று தெரியவில்லை. வாங்கினாலும் ஓடை நிற்குமா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் வாசலில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருக்கிறார். உரிக்கவே தெரியவில்லை, பாதிச் சதை ஓட்டோடு போகிறது. அண்ணி திட்டிக்கொண்டே இருக்கிறாள்.